தோல்விக்குப் பின் பார்க்க வேண்டிய காணொளி

அன்புள்ள மகனுக்கு,

கால்பந்து அணியொன்றின் தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற முதல் பருவத்திலேயே அடுத்தடுத்துத் தோற்பது உன்னை எவ்வளவு வாட்டும் என்பதை நான் அறிவேன். ஆனாலும், சென்ற ஆட்டம் முடிந்ததும் நீ செய்தியாளர்களிடம் பேசியதைக் கேட்ட பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. தடுப்பாட்டக்காரர்களின் கவனம் சிதறியதால் இரண்டு கோல்கள் விழுந்தன என்றாய். அது பொய்யன்று. ஆனால் அந்த இரண்டும், நடுகள வீரர் ஒருவரை வெளியே அழைத்துவிட்டு முன்களத்தில் கூடுதலாக ஒருவரை நீ இறக்கிய பின்பே விழுந்தன; எதிரணி இரண்டு முறையும் அவர் விட்டுச்சென்ற இடைவெளி வழியாகத்தான் பந்தைக் கொண்டுவந்தது. வீரரை மாற்றும் முடிவு உன்னுடையது.

2014 ஏப்ரலில், ஐரோப்பியக் கழக அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் தொடரின் அரையிறுதி இரண்டாம் ஆட்டத்தில், பெப் குவார்டியோலா பயிற்சியளித்த பயர்ன் மியூனிக் சொந்த மைதானத்திலேயே ரியல் மாட்ரிட்டிடம் 0-4 எனத் தோற்றது. முதல் 20 நிமிடங்களிலேயே மாட்ரிட்டின் செர்ஹியோ ராமோஸ் தலையால் முட்டி இரண்டு கோல்கள் போட்டுவிட்டார். அவரைத் தடுக்கத் தவறியவர்களைச் சுட்டிக்காட்டி அன்று தப்பித்திருக்கலாம். குவார்டியோலாவோ, தவறு பயிற்சியாளரான தன்னுடையதே என்று வெளிப்படையாகச் சொன்னார். அப்படிச் சொல்வது மட்டும் போதாது என்பதும் உண்மைதான்; 'முழுப் பொறுப்பும் என்னுடையது' என்று வாராவாரம் சொல்லிவிட்டு எதையும் மாற்றாத பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள்.

2005இல் இஸ்தான்புல்லில் நடந்த அதே தொடரின் இறுதி ஆட்டத்தில் இடைவேளையின்போது 3-0 என முன்னிலையில் இருந்த ஏ.சி. மிலான், பின்னர் லிவர்பூலிடம் பெனால்டி ஷூட்அவுட்டில் தோற்றது. பயிற்சியாளர் கார்லோ அன்செலோட்டி அந்த அணியைக் கலைத்துவிடவில்லை. மால்டினி, நெஸ்டா, பிர்லோ, கட்டூசோ, சீடார்ஃப், காக்கா ஆகியோரை மீண்டும் களமிறக்கி, 2007 இறுதி ஆட்டத்தில் ஏதென்ஸில் அதே லிவர்பூலை 2-1 என வென்றார். தோல்விக்கு ஒரு பலியாடு தேடியிருந்தால் அந்த அணி எஞ்சியிருக்குமா என்பது ஐயமே.

உன்னிடம் நான் காணும் பெரிய குறை வேறொன்று. பயிற்சி முழுவதையும் ஊதலும் கையுமாக நீயே நடத்துகிறாய். புகழ்பெற்ற பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசனும் ஸ்காட்லாந்தின் அபர்டீன் அணியில் அப்படித்தான் இருந்தார். நீங்களே எல்லாவற்றையும் செய்தால் நான் எதற்கு என்று துணைப் பயிற்சியாளர் ஒருவர் கேட்ட பிறகே பயிற்சியை உதவியாளர்களிடம் விட்டுவிட்டு, விலகி நின்று கவனிக்கத் தொடங்கினார். யாருடைய ஓட்டம் தளர்ந்திருக்கிறது, யார் சில நாட்களாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டார் என்பதெல்லாம் ஓரமாக நிற்பவருக்கே தெரியும். உன் முடிவு தவறென்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒருவரையும் அருகில் வைத்துக்கொள்; தலையாட்டுகிறவர்கள் எப்படியும் வந்து சேர்ந்துவிடுவார்கள்.

வீரர்களுக்கு ஆட்டத்தின் காணொளியைப் போட்டுக் காட்டுவதற்கு முன், நீ தனியே அமர்ந்து உன் முடிவுகளை மட்டும் நிமிட வாரியாகக் குறித்துப் பார். வெளியே அழைக்கப்பட்ட அந்த நடுகள வீரரிடம் இன்னும் காரணம் சொல்லவில்லையென்றால், அடுத்த பயிற்சி தொடங்கும் முன்பே சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா