ஹூஸ்ரனில் இருக்கும் மருமகளுக்கு, அந்தச் சின்னத் துவக்கைப் பற்றி

கொக்குவில், யாழ்ப்பாணம்.

அன்புள்ள மருமகளுக்கு,

நீ அனுப்பிய இலக்குத் தாளின் படம் கிடைத்தது. 50 ரவைகளில் பெரும்பாலானவை நடு வட்டத்துக்குக் கீழே, இடப்பக்கமாகச் சிதறிக் கிடப்பதைக் கண்டு, துவக்கில்தான் பிழை இருக்க வேண்டும், இதை விற்றுவிட்டு வேறொன்று வாங்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். விற்க வேண்டாம். உன் வயதுப் பிள்ளைகள் இன்னும் சிலர் இதே கேள்வியை என்னிடம் கேட்டிருப்பதால், உன் பெயரைத் தவிர்த்துவிட்டு, எல்லோரும் வாசிக்கக்கூடிய கடிதமாகவே பதிலை எழுதுகிறேன். எதற்காக வாங்கினாய் என்ற கேள்வியை அக்கா வேண்டியமட்டும் கேட்டிருப்பா. அதை நான் மறுபடியும் கேட்கப்போவதில்லை.

உன்னிடம் இருப்பது ஸ்மித் அண்ட் வெசன் 642 என்ற ரிவோல்வர். ஐந்து ரவை கொள்ளும் உருளை, 4.8 சென்ரிமீற்றர்க் குழல், ரவையில்லாதபோது ஏறத்தாழ 410 கிராம் எடை. பையிலோ இடுப்பிலோ மறைத்து வைத்திருப்பதற்கென்று செய்யப்பட்டதால், சுடுபவருக்கு வசதியானவை எல்லாம் அதில் குறைக்கப்பட்டிருக்கின்றன. ஆனாலும் அதை அசையாதபடி ஒரு தாங்கியில் பொருத்தி 7 கஜத்திலிருந்து சுட்டால் ஐந்து ரவைகளும் உன் உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கும். ஆகவே பிழை குழலில் இல்லை. அதன் விசையை, விரலால் இழுக்கும் அந்தக் கொக்கியை, இழுக்கச் சுமார் 12 இறாத்தல் பலம் வேண்டும், அதாவது ஐந்தரைக் கிலோ. துவக்கின் எடையைப் போல் 13 மடங்கு பாரத்தை ஒற்றை விரலால் இழுக்கும்போது, துவக்கும் விரலோடு சேர்ந்து அசையாமல் நிற்க வேண்டும் என்று நீ எதிர்பார்க்கிறாய். முழுச் சிக்கலும் இவ்வளவுதான்.

முதலில் குறிபார்ப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழல் முனையிலுள்ள முன்குறிக்கும் பின்னே பள்ளமாக இருக்கும் பின்குறிக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கணக்கு இலகுவுக்காக 10 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். முன்குறி பின்பள்ளத்தின் நடுவிலிருந்து ஒரேயொரு மில்லிமீற்றர் விலகினாலும், 7 கஜத்தில், அதாவது 6.4 மீற்றரில், ரவை 64 மில்லிமீற்றர் விலகிப் போகும். நீண்ட குழலுள்ள துவக்கில் இந்த இடைவெளி இரு மடங்காக இருந்தால் அதே பிழை பாதியாகிவிடும். இதைத் தெரிந்துகொண்டால், எதற்குக் கவலைப்பட வேண்டும், எதற்கு வேண்டியதில்லை என்பதும் தெரியும். கை நடுங்கி, துவக்கு முழுவதும் இரண்டு மில்லிமீற்றர் பக்கமாக நகர்ந்தால், ரவையும் அந்த இரண்டு மில்லிமீற்றர்தான் நகரும். அந்த நடுக்கத்தோடு மல்லுக்கட்டாதே. குழல் முனை சரிவதுதான் பொல்லாதது. முன்குறியில் சிவப்பு அல்லது வெள்ளை நகப்பூச்சு ஒரு துளி வைத்து, கண்ணை அதன்மேல் வைத்திரு. இலக்கு மங்கலாகத் தெரிந்தால் போதும்.

இனி இழுப்பு. எங்கள் வீட்டுக் கிணற்றில் கப்பிக் கயிற்றால் தண்ணீர் இழுத்தது உனக்கு ஞாபகம் இருக்கும். கயிற்றை வெட்டி இழுத்தால் வாளி கிணற்றுக்கட்டில் மோதிப் பாதித் தண்ணீர் கொட்டிவிடும் என்று அம்மம்மா பேசுவா அல்லவா? விசையையும் அப்படித்தான், தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே வேகத்தில், நடுவில் நிறுத்தாமல் இழுக்க வேண்டும். பாதிவரை இழுத்து நிறுத்தி, குறி நன்றாக அமையும் நொடிக்காகக் காத்திருந்து, அமைந்தவுடன் டக்கென்று பறிக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அந்தப் பறிப்பில்தான் குறி கெடுகிறது. பிஸ்ரலுக்குச் சொல்வதுபோல் விரல் நுனியை மட்டும் வைத்தால் இந்தப் பாரத்துக்கு வலு போதாது. முதல் மூட்டுக்கு அருகே விசை படும்படி விரலை உள்ளே விடு. சுட்ட பிறகு விசையை முற்றாக முன்னே போகவிடாமல் அடுத்த இழுப்பைத் தொடங்கினால் உருளை சரியாகச் சுழலாமல் ஏமாற்றிவிடும், அதையும் கவனி.

ஆனால் உன் தாளில் நான் காண்பது இழுப்பின் பிழை மட்டுமல்ல. ரவைகள் கீழே போவதற்குக் காரணம், வெடிக்கப்போகிறது என்று உடம்பு முன்கூட்டியே அறிந்து, உதைப்பைச் சமாளிக்கக் கையைக் கீழே தள்ளுவதுதான். அதே கணத்தில் விரலோடு சேர்த்து முழுக் கையும் இறுகுவதால் வலக்கைக்காரருக்கு அவை இடப்பக்கமும் போகும். இது எல்லா நாட்டவருக்கும் வருவது. ஆனாலும் 1995 ஒக்ரோபர் முடிவில், போரால் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தபோது உனக்கு ஏழு வயது. அதற்கு முன்பே, சத்தம் கேட்டால் குப்புறப் படு என்று பங்கர் வாசலில் வைத்து உனக்குப் பழக்கியவர்களில் நானும் ஒருவன். அந்தப் பழக்கம் அன்று உன்னைக் காப்பாற்றியது. இன்று ஹூஸ்ரனில், காதடைப்பான் போட்டுக்கொண்டு காகிதத்தைச் சுடும்போது, அது போகாமல் நிற்கிறது. உன்மேல் பிழை இல்லை, பிள்ளை.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கூட வரும் தோழியிடம் துவக்கைக் கொடுத்து, மூன்று ரவைகளும் இரண்டு வெற்றுக் கோதுகளும் நீ பார்க்காமல் கலந்து போடச் சொல். எது வெடிக்கும், எது வெடிக்காது என்று உனக்குத் தெரியக் கூடாது. வெற்றுக் கோதில் அடி விழும்போது குழல் முனை என்ன செய்கிறது என்று மட்டும் பார். அங்கே இருந்த காலத்தில் நான் முதன்முதலாக இதைச் செய்தபோது, என் குழல் முனை கோழி கொத்துவதுபோல் கீழே கொத்தியது. பக்கத்தில் நின்றவர் சிரித்தார், எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் அன்றுதான் எனக்கு விளங்கியது.

இதற்கு மருந்து பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கிறது, காசும் செலவில்லை. ரவைகளை வேறொரு அறையில் வைத்துப் பூட்டு. ஐந்து துளைகளையும் கண்ணாலும் விரலாலும் இரண்டு தடவை பார். பிளாஸ்ரிக் போலி ரவைகள் ஐந்தைப் போட்டு, யாரும் இல்லாத பக்கத்து உறுதியான சுவரை நோக்கி, ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் விசையை மட்டும் இழு. முன்குறிக்குப் பின்னே குழலின் மேல் ஒரு நாணயத்தை வைத்து, அது விழாமல் இருபது முறை இழுக்க முடிந்தால் நல்லது. முடிந்ததும், இனி இன்றைக்கு இல்லை என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் துவக்கை உள்ளே வை; பயிற்சி முடிந்து ரவை போட்ட பிறகு, இன்னும் ஒரே ஒரு தடவை என்று இழுத்துச் சுவரைச் சுட்டவர்களின் கதையை அங்கே கேட்டிருப்பாய்.

பயிற்சிக்கு 148 கிரெயின் எடையுள்ள தட்டைமுனை ரவையை வாங்கு. உதைப்பு மெல்லியது, காகிதத்திலும் வட்டமாக வெட்டிய துளை தெளிவாகத் தெரியும். கனமான ரவை பொதுவாக மேலேயும், இலேசானது கீழேயும் படும் என்பதால், இறுதியில் எதைக் கொண்டுபோகப் போகிறாயோ அதையும் ஓரிரு தடவை சுட்டுப் பார். கைப்பிடியில் உள்ளங்கை எவ்வளவு மேலே ஏறுமோ அவ்வளவு ஏறட்டும். பெருவிரல்களைப் பிஸ்ரல்காரர்போல் முன்னே நீட்டாதே, உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடுக்கால் சுடுவாயு பாய்ந்து விரலைக் கிழிக்கும். ஒரு நாளில் 50க்கு மேல் சுடாதே. கை நோகத் தொடங்கியதும் பழைய பழக்கம் திரும்பி வரும். வீடு திரும்புமுன் ஈயம் போகக் குளிர்ந்த தண்ணீரில் கை கழுவு.

2021 செப்ரெம்பர் 1 முதல் ரெக்சாஸில் 21 வயது நிரம்பிய பெரும்பாலோருக்குக் கைத்துப்பாக்கி கொண்டுசெல்ல அனுமதிப்பத்திரம் கட்டாயமில்லை என்றாலும், நீ அதற்கான சுடும் பரீட்சையை எடுக்கவே வேண்டும் என்பது என் எண்ணம். 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10 ரவைகள். 250 புள்ளிகளுக்கு 175 எடுத்தால் சித்தி. ரொறன்ரோவில் இருக்கும் உன் அண்ணன் இதைக் கேட்டுச் சிரிப்பான். அங்கே 2022 ஒக்ரோபருக்குப் பிறகு சாதாரண ஆட்கள் கைத்துப்பாக்கி வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். நானும் ஊருக்குத் திரும்பிய பிறகு துவக்கு எதையும் தொடவில்லை, தொட விருப்பமும் இல்லை.

அடுத்த மாதம் வரை 3 கஜத்தைத் தாண்டாதே. ஐந்து ஐந்தாகச் சுட்டு, ஒவ்வொரு ஐந்துக்கும் புதுத் தாள் போட்டு, திகதியும் ரவையின் பெயரும் எழுதி எனக்குப் படம் அனுப்பு. வெற்றுக் கோது கலந்து சுட்ட தாள்களைத் தனியாக வை. அவற்றைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அன்புடன்,
மாமா