"மூணும் ஒண்ணுதான்"னு சொல்லி நீங்க வித்த கன்வெர்ட்டர் பத்தி புகார்

வணக்கம் சார் / மேடம்,

பில், சாட் ஸ்க்ரீன்ஷாட், ஸ்கேனர் ஃபோட்டோ எல்லாம் இதோட சேர்த்திருக்கேன். இது என்னோட நாலாவது மெயில். முதல் மூணுக்கும் வந்த பதில் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம இருந்துச்சு, அதனால இந்த தடவ முழுக் கதையையும் எழுதிடறேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கங்க.

என் வண்டி பதிமூணு வருஷம் ஓடின பெட்ரோல் வண்டி. செக் இன்ஜின் லைட் எரிஞ்சு எமிஷன் டெஸ்ட்ல ஃபெயில் ஆச்சு, வண்டி கம்ப்யூட்டர் காட்டின எரர் கோடு பி 0420, அதாவது கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (சைலன்சர் லைன்ல புகையைச் சுத்தம் பண்ற பீஸ்) சரியா வேலை செய்யலன்னு அர்த்தம். அந்தக் கோடு வந்தவுடனே கன்வெர்ட்டரை மாத்தற ஆள் நான் இல்ல. என் மெக்கானிக் முதல்ல சைலன்சர் லைன்ல எங்கயாவது லீக் இருக்கான்னு பாத்தாரு, கன்வெர்ட்டருக்குப் பின்னாடி இருக்கற ஆக்சிஜன் சென்சரை செக் பண்ணாரு, ப்ளக்கும் காயிலும் புதுசு போட்டாரு, மிஸ்ஃபயர் (பெட்ரோல் சரியா எரியாம தப்பறது) கவுன்ட் ஜீரோ, ஃப்யூல் ட்ரிம் (பெட்ரோல் அளவை கம்ப்யூட்டர் கூட்டிக் குறைக்கறது) ப்ளஸ் மைனஸ் 4 சதவீதத்துக்குள்ள, அதாவது நார்மல். இன்ஜின் ஆயிலும் குடிக்கல, கூலன்ட்டும் குறையல. எல்லாம் பாத்துட்டுதான் "கன்வெர்ட்டர் போயிடுச்சு, மாத்துங்க"ன்னாரு. இதை ஏன் இவ்ளோ விவரமா சொல்றேன்னு கீழ புரியும்.

வண்டி கம்பெனியோட ஒரிஜினல் விலை கேட்டு தலை சுத்திடுச்சு, அதான் உங்க சைட்டுக்கு வந்தேன். என் மாடலுக்கு மூணு விலையில மூணு போட்டிருந்தீங்க, மூணுக்கும் ஒரே ஃபோட்டோ, ஒரே வாசகம்: "உங்க வண்டிக்கு பொருந்தும்". எதுல என்ன வித்தியாசம், உள்ள புகையைச் சுத்தம் பண்ற மெட்டல் பூச்சு எவ்ளோ, என் வண்டி எந்த எமிஷன் லெவல்ல (புகைக் கட்டுப்பாட்டுத் தரத்துல) வந்ததோ அதுக்கு எது சரி, ஒரு வரி கூட இல்ல. அதனால சாட்ல நேராவே கேட்டேன், "டெஸ்ட் பாஸ் ஆகணும், எதை வாங்கறது?" உங்க ஆள் சொன்ன பதில்: "மூணும் ஒண்ணுதான் சார், பிராண்டு பேர்தான் வேற, கம்மி விலையே போதும்." இதை நம்பினதுதான் நான் செஞ்ச தப்பு.

பார்சல் பிரிச்சப்பவே கையில தூக்கினா லேசா இருந்துச்சு. வெயிட்டை வச்சு உள்ள எவ்ளோ பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்குன்னு சொல்ல முடியாதுன்னு எனக்கும் தெரியும், இருந்தாலும் மனசுக்குள்ள ஒரு உறுத்தல். நேரா மாட்டிக்கலாம், வெல்டிங் வேணாம்னு போட்டிருந்தீங்க இல்லையா, போல்ட் மாட்டற ஃப்ளான்ஜ்ல ஒரு ஓட்டை நேரா வரல, மெக்கானிக் அரம் வச்சு ராவி பெருசாக்கினாரு. கேஸ்கெட் பெட்டியிலயே இல்ல. சென்சர் மாட்டற இடம் தள்ளி இருந்ததால ஒயர் இழுத்துக்கிட்டு நிக்குது. சரி போகட்டும், விலை கம்மின்னா இதெல்லாம் இருக்கும்னு விட்டுட்டேன்.

கோடு அழிச்சுட்டு ரெண்டாவது தடவ டெஸ்ட்டுக்கு போனா "மானிட்டர் ரெடி ஆகல, ஓட்டிட்டு வாங்க"ன்னு அனுப்பிட்டாங்க, அது நியாயம்தான், அழிச்சதுக்கப்புறம் கம்ப்யூட்டர் மறுபடி எல்லாத்தையும் சோதிச்சு முடிக்கணும். பத்து நாள் ஓட்டினேன். பதினோராவது நாள் அதே லைட், அதே பி 0420. மூணாவது தடவ டெஸ்ட்ல புகை அளவு பாஸ், லைட் எரியறதால வண்டி ஃபெயில்!

ஸ்கேனர் ஃபோட்டோவைப் பாருங்க. கன்வெர்ட்டருக்கு முன்னாடி இருக்கற ஆக்சிஜன் சென்சர் 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவுல ஏறி இறங்கும், அது அப்படித்தான் இருக்கணும். பின்னாடி சென்சர் 0.6, 0.7 பக்கத்துல அசையாம நிக்கணும், ஏன்னா கன்வெர்ட்டருக்குள்ள இருக்கற சீரியம் பூச்சு ஆக்சிஜனைப் பிடிச்சு வச்சு தேவைப்படறப்ப விடும். உங்க பீஸ்ல பின்னாடி சென்சரோட கிராஃப் முன்னாடி சென்சரோட கிராஃபை அப்படியே காப்பி அடிக்குது. பூச்சு கம்மியா இருந்தா புகை ஓரளவு சுத்தமாகி டெஸ்ட் அளவுக்குள்ள வந்துடும், ஆனா ஒரிஜினலை கணக்கு வச்சு செட் பண்ணின கம்ப்யூட்டரை ஏமாத்த முடியாது. விக்கறவங்களுக்கு இது தெரியாம இருக்குமா?

வாரன்டி கேட்டதுக்கு முதல் பதில், "உங்க இன்ஜின்ல மிஸ்ஃபயர் இருந்திருக்கும், கன்வெர்ட்டர் உருகியிருக்கும், வாரன்டி வராது." எரியாத பெட்ரோல் உள்ள போனா கன்வெர்ட்டருக்குள்ள தேன்கூடு மாதிரி இருக்கற பகுதி உருகும், வாஸ்தவம். ஆனா உருகினா அடைப்பு விழும், வண்டி இழுக்காது, என் வண்டி நல்லா இழுக்குது. அதுக்குதான் மேல அவ்ளோ செக்கிங் விவரம் எழுதினேன், ரிப்போர்ட்டும் அனுப்பினேன், அதை யாரும் திறந்து கூட பாக்கல போல.

ரெண்டாவது பதில் ஃபோன்ல வந்துச்சு, அதுதான் என்னை ரொம்ப கோவப்படுத்துச்சு. "சென்சருக்கு அடியில ஒரு ஸ்பேசர் போட்டுக்கங்க சார், லைட் வராது, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க." ஸ்பேசர்னா சென்சரைப் புகைப் பாதையில இருந்து தள்ளி வைக்கற துண்டு. அதாவது பொருள் சரியில்ல, அதை கண்டுபிடிக்கற சென்சரோட கண்ணைக் கட்டிடுங்கன்னு கம்பெனியே சொல்லுது! சென்சரை ஏமாத்தணும்னா பழைய கன்வெர்ட்டர்லயே ஏமாத்தியிருப்பேனே, உங்களுக்கு எதுக்கு காசு? டெஸ்ட்ல மாட்டினா பதில் சொல்ல வேண்டியது நானா நீங்களா?

மூணாவது மெயில்ல வந்தது வெறும் "உங்கள் கருத்துக்கு நன்றி".

இன்னொண்ணு, பழைய கன்வெர்ட்டரை எக்ஸ்சேஞ்ச்ல நீங்களே வாங்கிக்கிட்டீங்க. அது ஒரிஜினல், செத்துப்போனாலும் உள்ள இருக்கற மெட்டலுக்கு ஸ்க்ராப்ல நல்ல விலை உண்டு. அதுவும் போச்சு என் கையை விட்டு.

எனக்கு வேண்டியது இதுதான். அந்த மூணுல என் வண்டியோட எமிஷன் லெவலுக்கு ஏத்தது எதுவோ அதை அனுப்புங்க, விலை வித்தியாசத்தை நான் தரேன், அடம் பிடிக்கல. அது எதுன்னு உங்களுக்கே தெரியலைன்னா முழு பணத்தையும் திருப்பிக் குடுங்க, எக்ஸ்சேஞ்ச்ல எடுத்த பழைய பீஸுக்கும் சேத்து. ரெண்டுல எதுவா இருந்தாலும் கேஸ்கெட்டும் மாட்டற கூலியும் உங்க பொறுப்பு. இந்த கம்மி விலை பீஸ் எந்த லெவல் வண்டிக்குன்னு அந்த பேஜ்ல எழுதுங்க, பழைய லெவல் வண்டிக்காரங்களுக்கு இது போதுமா இருக்கலாம், அவங்க தாராளமா வாங்கட்டும்.

ரீடெஸ்ட்டுக்கு எனக்கு இன்னும் மூணு வாரம்தான் டைம், அதுல மானிட்டர் ரெடி ஆகவே பத்து நாள் போயிடும், அதனால ஒரு வாரத்துக்குள்ள பதில் வேணும். பீஸை எடுக்க ஆள் அனுப்பறதா இருந்தா முந்தின நாளே சொல்லிடுங்க, கழட்டிட்டா வண்டியை எடுக்க முடியாது, மெக்கானிக் கிட்டயும் டைம் கேக்கணும்.

இப்படிக்கு,
உங்க கஸ்டமர்