பிள்ளையின் குறட்டையை நல்ல தூக்கம் என்று நினைத்துவிட்டோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் பிட்டராக இருக்கிறேன். அரை நைட் முடித்து வீட்டுக்கு வரும்போது மணி ஒன்றாகிவிடும். கைகால் கழுவி, மூடி வைத்திருக்கும் சோற்றைச் சாப்பிடும் கால் மணி நேரத்தில்தான் என் மகளின் குறட்டையை நான் கவனித்துக் கேட்க ஆரம்பித்தேன். அப்போது அவளுக்கு 7 வயது.

"பிள்ளை அசந்து தூங்குறா" என்பார் என் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் ராத்திரி குறட்டை பாதியில் நின்றது. மில்லில் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுகிறவன் நான். ஒரே சீராக ஓடுகிற சத்தத்துக்குப் பயப்பட மாட்டோம், விட்டு விட்டு வருகிற சத்தம்தான் வயிற்றைக் கலக்கும். சோற்றில் கை வைத்தபடியே பார்த்தேன். நெஞ்சுக்குழி உள்ளே போய் வருகிறது, மூச்சுச் சத்தம் மட்டும் இல்லை. அப்புறம் ஒரு கேவல் மாதிரி இழுத்து, புரண்டு படுத்து, மறுபடியும் குறட்டை. கழுத்தைப் பின்னால் சாய்த்து, வாயை ஆவென்று திறந்து கிடந்தாள். தலையணை எச்சிலில் நனைந்திருந்தது. மார்கழி மாதக் குளிரில் தலையெல்லாம் வியர்வை.

பகலில் கண்ணுக்குக் கீழே கருப்பு, வகுப்பில் கொட்டாவி, தொட்டதற்கெல்லாம் அழுகை. மூன்று வயதில் நின்றுபோன படுக்கையை நனைக்கும் பழக்கம் திரும்ப வந்திருந்தது. அதற்காக அவளைத் திட்டியிருக்கிறேன். ஒருமுறை அடித்தும் இருக்கிறேன். இதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதமே உண்மையாகாது.

அவளுக்கு மேல்வரிசைப் பல் நெருக்கியடித்து முளைத்திருந்தது. உள்ளூரில் ஒரு பல் மருத்துவமனையில் காட்டியபோது, பால் பல் எல்லாம் விழட்டும், 13 வயதுக்கு மேல் கிளிப் போட்டுக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார்கள். குறட்டையைப் பற்றி அவர்களும் கேட்கவில்லை, பல்லுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று எங்களுக்கும் தெரியவில்லை.

பிறகு உறவுக்காரர் ஒருவர் சொல்லி மதுரைப் பக்கம் ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். அங்கே பல் சீரமைப்புப் பிரிவில் படிக்கிற ஒரு பெண் டாக்டர், வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால் பிள்ளை சும்மா உட்கார்ந்திருப்பதையே கொஞ்ச நேரம் பார்த்தார். "எப்பவும் வாய் திறந்தே இருக்குமா? ராத்திரி குறட்டை விடுவாளா?" என்று கேட்டார். அதுவரை யாரும் எங்களைக் கேட்காத கேள்வி அது. செல்போனில் எடுத்து வைத்திருந்த ஒரு நிமிட வீடியோவைக் காட்டினேன். இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, பல் வேலை அப்புறம், முதலில் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். வாய்க்குக் கூரையாக இருக்கும் அண்ணம்தான் மூக்குக்குத் தரை. வாயை மூடி மூக்கால் மூச்சு விடும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, வளர்கிற எலும்பை அகலமாக வைத்திருக்கும். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கி வழியை அடைத்தால் பிள்ளை வாயால் மூச்சு விடும். நாக்கு கீழே இறங்கிவிடும், கன்னங்கள் இரண்டு பக்கமும் அழுத்தும். நாளாக நாளாக அண்ணம் குறுகி, கோபுரம் மாதிரி மேலே ஏறிவிடும். அண்ணம் குறுகினால் மூக்கின் வழியும் குறுகும். ஒன்று இன்னொன்றைக் கெடுத்துக்கொண்டே போகும்.

ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் தங்கித் தூக்கப் பரிசோதனை செய்தோம். தலையில், மூக்கில், விரலில் என்று உடம்பெல்லாம் வயர். பெரியவர்களுக்கு மணிக்கு 5 தடவைக்குக் குறைவாக மூச்சு தடைப்பட்டால் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். குழந்தைகளுக்கு ஒன்றைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். என் மகளுக்கு 7 இருந்தது. டான்சிலையும் அடினாய்டையும் எடுக்கும் ஆபரேஷன் கட்டாயமா என்று காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கேட்டேன். டாக்டர் மறைக்காமல் சொன்னார்: 2013-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 464 குழந்தைகளைக் கவனித்தார்கள். டான்சிலும் அடினாய்டும் எடுத்தவர்களில் 79 சதவீதம் பேருக்கு ஏழு மாதத்தில் பரிசோதனை முடிவு சரியானது. எடுக்காமல் காத்திருந்தவர்களிலும் 46 சதவீதம் பேருக்குத் தானாகவே சரியானது. ஆனால் நடத்தையிலும் மற்ற தொந்தரவுகளிலும் முன்னேற்றம் ஆபரேஷன் செய்தவர்களுக்குத்தான் அதிகம். நாங்கள் செய்தோம். குறட்டை பாதிக்கு மேல் குறைந்தது. ஆனாலும் வாய் மூடவில்லை. அண்ணம் குறுகியே இருந்தது.

அதன் பிறகுதான் பல் சீரமைப்பு. மேல்வாயில் ஒரு சின்ன கருவி, நடுவில் ஒரு திருகு. அதைத் திருப்ப குண்டூசி கனத்தில் ஒரு சாவி. ராத்திரி ஒரு தடவை கால் சுற்று, அதாவது கால் மில்லிமீட்டர். பிள்ளைகளுக்கு அண்ணத்தின் நடுவில் இருக்கும் இணைப்பு இன்னும் இறுகியிருக்காது, அதனால் எலும்பே விரிந்து கொடுக்கும். வளர்ந்தவர்களுக்கு இது அத்தனை சுலபம் இல்லை. இது புது வித்தையும் இல்லையாம், 1860-லேயே அமெரிக்காவில் ஏஞ்சல் என்ற பல் மருத்துவர் ஒரு சிறுமிக்குத் திருகு வைத்து அண்ணத்தை விரித்து, அதை எழுதியும் வைத்திருக்கிறார்.

தினமும் ஸ்பேனர் பிடிக்கிற கைதான். ஆனாலும் முதல் ராத்திரி அந்தச் சாவியைப் பிடித்தபோது நடுங்கியது. என் மனைவி செல்போன் டார்ச் அடித்தாள். பிள்ளை என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து படுத்தாள். மூக்குத்தண்டில் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது என்றாள், அழவில்லை. இரண்டாம் வாரம் முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்தது. பயந்துபோய் போன் போட்டேன். எலும்பு விரிகிறது என்பதற்கு அதுதான் அடையாளம், தானாகச் சேர்ந்துவிடும் என்றார்கள். சேர்ந்தும்விட்டது. சோறு கருவியில் ஒட்டும், பேச்சு கொஞ்ச நாள் குழறும், முறுக்கு தொடக் கூடாது. திருகுவது மூன்று வாரம், பிறகு கருவியை அப்படியே ஆறு மாதம் விட்டு வைத்தார்கள்.

அடுத்த பரிசோதனையில் மணிக்கு ஒன்றரை வந்தது. இன்னும் கவனிக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் வாயை மூடித் தூங்குகிறாள். படுக்கை நனைவதில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அண்ணத்தை விரித்தால் குறட்டை போய்விடும், புத்தி வளரும் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். தூக்க மூச்சுத்திணறல் வராமல் தடுப்பதற்கென்று மட்டும் அண்ணத்தை விரிக்கக் கூடாது என்று அமெரிக்கப் பல் சீரமைப்பு நிபுணர்கள் சங்கமே 2019-ல் சொல்லியிருக்கிறது. அண்ணம் உண்மையிலேயே குறுகியிருக்கிற, எலும்பு இன்னும் இளசாக இருக்கிற பிள்ளைக்கு, மருத்துவர்கள் கலந்து பேசிச் செய்வது இது. யூடியூப் பார்த்துப் பிள்ளையின் வாயில் டேப் ஒட்டுவது பெரிய ஆபத்து. மூக்கு அடைத்த குழந்தைக்கு இருக்கிற ஒரே வழி வாய்தான்.

அதே சங்கம் 7 வயதுக்குள் ஒருமுறை பல் சீரமைப்பு நிபுணரிடம் காட்டச் சொல்கிறது. நம் ஊரில் எல்லோராலும் அது முடியாது. ஆனால் 2013 முதல் ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு அரசுப் பள்ளிகளுக்கு வருகிறது. கண், காது, பல், இதயம் என்று பார்க்கிறார்கள். என் மகளுக்கும் பார்த்தார்கள், சொத்தைப் பல் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் படிவத்தில் இரண்டே கேள்விகள் சேர்த்தால் போதும்: வாரத்தில் மூன்று ராத்திரிக்கு மேல் குறட்டை விடுகிறதா? தூங்கும்போது வாய் திறந்தே இருக்கிறதா? ஆம் என்றால் மாவட்ட அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கும் பல் பிரிவுக்கும் ஒரு சீட்டு. வரும் ஜூனில் பள்ளி திறப்பதற்குள் சுகாதாரத் துறை இதைச் செய்ய வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மில் தொழிலாளி,
ராஜபாளையம்.