ஹெதாயத் உரைக்குத் துணை நின்றவர்களுக்கு

போன ஞாயிறு ஈரானிய எழுத்தாளர் சாதிக் ஹெதாயத் பற்றி நான் பேசியது நன்றாக இருந்தது என்று பலர் சொல்லிவிட்டீர்கள், ஆனால் அதில் பாதி என் சரக்கே இல்லை.

முதல் நன்றி பாரசீகம் தெரிந்த நண்பருக்கு. அவருடைய 'குருட்டு ஆந்தை' நாவலின் முதல் வரியில் வாழ்க்கையின் காயங்களுக்கு உவமையாக 'ஃகோரே' என்று ஒரு சொல் வருகிறது. ஆங்கிலத்தில் படித்த நான் சும்மா 'புண்' என்று குறித்து வைத்திருந்தேன். அந்தச் சொல்லுக்குள் 'தின்பது' என்ற வினை இருக்கிறது, தொழுநோய்க்கும் அந்தப் பெயர் உண்டு, இன்றைய ஈரானில் புத்தகப் பைத்தியத்தைக்கூட அப்படித்தான் சொல்வார்கள் என்று ராத்திரி பத்து மணிக்குக் குரல் செய்தி அனுப்பினீர்களே, உரையை அங்கிருந்துதான் மறுபடி எழுதினேன்.

அப்புறம் கடைசி வரிசை ஐயா. ஹெதாயத் 1936இல் பம்பாய்க்கு வந்து பார்சி அறிஞர் ஒருவரிடம் பஹ்லவி என்ற பழைய பாரசீக மொழி படித்ததையும், ஈரானின் அன்றைய மன்னர் ரெசா ஷா காலத்துத் தணிக்கைக்குப் பயந்து நாவலைத் தன் கையாலேயே எழுதிச் சுமார் 50 பிரதிகள் சைக்ளோஸ்டைல் எடுத்ததையும், 'ஈரானில் விற்பனைக்கு அல்ல' என்று அதில் குறித்ததையும் மளமளவென்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். நீங்கள் எழுந்து, மெழுகுத் தாளில் எழுத்தாணியால் எழுதுவது எப்படி, கொஞ்சம் அழுத்தினால் தாள் கிழியும், அழுத்தாவிட்டால் மை இறங்காது, சாயங்காலம் வரை விரலில் கறுப்பு போகாது என்று விவரித்தபோதுதான் அந்த 50 பிரதியின் பாடு எனக்கே புரிந்தது.

பாரிஸில் இருக்கும் தங்கைக்கும் நன்றி. 1951இல் அங்கேயே தன் உயிரை முடித்துக்கொண்ட ஹெதாயத்தின் கல்லறையை பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் மழையில் தேடி அலைந்து படம் அனுப்பினாய். புரொஜக்டர் கேபிளை நான் வீட்டிலேயே மறந்துவிட்டேன், மன்னித்துவிடு.

நாவலில் கதைசொல்லியின் அம்மா பெயர் 'பூகாம் தாசி' என்பதைப் பற்றிக் கேட்ட மாணவிக்கு அன்று மழுப்பலாகத்தான் பதில் சொன்னேன். அவள் இந்தியாவில் ஒரு லிங்கக் கோயிலில் ஆடுபவள். அவளுக்காக அப்பாவும் சித்தப்பாவும் நாகப்பாம்போடு இருட்டறைக்குள் போகிறார்கள், ஒருவர்தான் திரும்புகிறார், தலை நரைத்து, இருவரில் யார் என்றே தெரியாமல். அதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு.

ஐயா, பழைய எழுத்தாணி ஒன்று வீட்டில் இருக்கிறது என்றீர்களே. வருகிற ஞாயிறு வரலாமா?