பாய்மரத்தை விரிக்க முடியாதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் உங்க பேப்பர்ல கப்பல் பயணம் பத்தி வந்த கட்டுரை நல்லாருந்துச்சு, ஆனா "பாய்மரத்தை விரித்தார்கள்"னு போட்டிருக்கீங்களே, பாய்மரம்ங்கிறது நட்டு நிக்கிற கம்பம், அதை எப்படி சார் விரிக்கிறது, விரிக்கிறது பாயைத்தான். அப்புறம் "மணிக்கு 12 நாட் வேகம்". நாட்னாலே மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர், அதுக்கு முன்னாடி திரும்ப ஒரு "மணிக்கு" எதுக்கு? அந்தக் காலத்துல கயித்துல சம இடைவெளி விட்டு முடிச்சு போட்டு, நுனியில ஒரு பலகையைக் கட்டி கடல்ல எறிவாங்க, மணல் கடிகாரம் ஓடி முடியறதுக்குள்ள எத்தனை முடிச்சு கை வழியா போகுதுன்னு எண்ணுவாங்க, அதான் வேகம். நாட்னா இங்கிலீஷ்ல முடிச்சு, பேரு அப்படித்தான் வந்துச்சு.

இன்னொண்ணு, கப்பல்ல இடது பக்கத்துக்குப் பேரு போர்ட், அதைப் போய் "துறைமுகப் பக்கம்"னு மொழிபெயர்த்திருக்கீங்க (சிரிச்சுட்டேன், மன்னிக்கணும்). இடப்பக்கம்னே எழுதலாமே. ராத்திரியில அந்தப் பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. முன்பக்கத்துக்கு அணியம், திருப்பறதுக்கு சுக்கான்னு நம்மகிட்டயே சொல் இருக்கு, அடுத்த தடவை அதையும் போடுங்க சார்.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகன்