பழைய பாக்ஸை எடைக்குப் போட்டுவிடாதே, அம்மிணி

கோபிச்செட்டிபாளையம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மிணிக்கு, அப்பா எழுதுவது.

இங்கே அம்மாவும் அப்பத்தாவும் சுகம். வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்கள், நடவுக்கு ஆள் கிடைக்காமல் அலைந்துகொண்டிருக்கிறேன். அது கிடக்கட்டும். பழைய ஆம்ப்ளிபையரையும் ஸ்பீக்கரையும் புது டிவியோடு சேர்க்க முடியுமா என்று நீ போனில் கேட்டதற்குப் பாதி சொல்வதற்குள் குக்கர் விசில் அடித்தது, பையன் அழுதான், "சரிங்கப்பா, சரிங்கப்பா" என்று நீ ஓடிவிட்டாய். போனில் சொன்னால் ஒரு ஒயர் இங்கே போகும், ஒன்று அங்கே போகும். அதனால் எழுதியே அனுப்புகிறேன். மாப்பிள்ளையிடமும் காட்டு.

அந்த ஆம்ப்ளிபையரையும் மரப்பெட்டி ஸ்பீக்கர் இரண்டையும் எடைக்குப் போட வேண்டாம். புது டிவிக்கு அதெல்லாம் சேராது, சவுண்ட்பார்தான் வாங்க வேண்டும் என்று கடைக்காரர் சொன்னாராம். அவர் பிழைப்பு அது, குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் சேரும். ஊர் நோம்பிக்கும் சீர் வீட்டுக்கும் மைக்செட் கட்டித்தானே உங்களை வளர்த்தேன், இதைச் சொல்ல எனக்குத் தைரியம் உண்டு.

டிவி இப்போது சுவரில் மாட்டின காலண்டர் மாதிரி மெலிந்துபோய்விட்டது. அதற்குள் எத்தனை பெரிய ஸ்பீக்கரை வைப்பான்? சின்னதாக இரண்டை வைத்துத் தரையைப் பார்த்தோ பின்சுவரைப் பார்த்தோ திருப்பிவிடுகிறான். உன் மாமியார் "படம் தெரியுது, பேச்சு வெளங்கல" என்று சொல்வதற்கு அவர் காதை மட்டும் குறை சொல்லாதே. மரப்பெட்டியில் ஊஃபர் (கனத்த சத்தம் தருகிற வட்டக் கூம்பு) பெரிசு, காற்றைத் தள்ள உள்ளே இடமும் இருக்கிறது. பேச்சு நேராக முகத்துக்கு வரும்.

ஒன்று மனதில் வை. அந்த மாதிரிப் பாக்ஸுக்குச் சொந்த பவர் கிடையாது. டிவியிலிருந்து நேராகப் பாக்ஸுக்கு ஒயர் இழுக்க வழியில்லை. டிவியிலிருந்து ஆம்ப், ஆம்பிலிருந்து பாக்ஸ், இதுதான் வரிசை. ஆம்பின் முதுகில் சிவப்பும் வெள்ளையுமாக ஜோடி ஜோடியாகத் துளை இருக்கிறதே, அது ஆர்சிஏ. அமெரிக்காவில் அந்தப் பெயரில் இருந்த ரேடியோ கம்பெனி 1930களில் கொண்டுவந்த பின், இன்னும் சாகவில்லை. ஆக்ஸ், டியூனர், சிடி என்று எழுதியிருக்கும் எந்த ஜோடியிலும் டிவியைச் செருகலாம்.

ஃபோனோ என்று எழுதியிருப்பதில் மட்டும் கை வைக்காதே. அது இசைத்தட்டு முள்ளுக்கானது. முள்ளிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான், அதனால் உள்ளே சுமார் நூறு மடங்கு பெருக்குவார்கள், பேஸைத் (கனத்த ஒலி) தூக்கி டிரெபிளை (கீச்சொலி) அடக்கவும் செய்வார்கள். டிவியோ ஒரு வோல்ட் அளவுக்கு அனுப்பும். அதை அதில் விட்டால் செய்தி வாசிப்பவர் குடத்துக்குள்ளிருந்து கத்துவார்.

இனி டிவி பக்கம். ஹெட்போன் துளை இருந்தால் வேலை சுலபம். ஒரு முனையில் ஸ்டீரியோ பின்னும் மறுமுனையில் இரண்டு ஆர்சிஏவும் இருக்கிற ஒயர் நூறு இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும், அதுவே போதும். பெரும்பாலான டிவிகளில் இந்தத் துளையின் சத்தம் ரிமோட்டுக்குக் கட்டுப்படும். இங்கே அப்பத்தாவுக்கு இப்படித்தான் கட்டிக்கொடுத்திருக்கிறேன். சீரியலில் மருமகள் அழும்போது கூட்டுவார், விளம்பரம் வந்தால் குறைப்பார், கட்டிலை விட்டு எழுந்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் புது டிவிகள் பலவற்றில் அந்தத் துளையையே எடுத்துவிட்டார்கள். அப்போது ஆப்டிகலைத் தேடு. சின்னச் சதுரப் பொந்து, அதற்கு ஒரு குட்டிக் கதவு. ஜப்பானில் தோஷிபா கம்பெனி 1983இல் கொண்டுவந்தது. அதில் ஓடுவது மின்சாரம் அல்ல, வெளிச்சம். டிவியைப் போட்டுக் கேபிளைச் செருகி மறுமுனையைப் பார், சிவப்பாக ஒரு பொட்டு தெரியும். அதுதான் பாட்டு. கேபிளின் இரண்டு நுனியிலும் கண்ணாடி நிறத்தில் ஒரு மூடி இருக்கும், அதைக் கழற்றிவிட்டுத்தான் செருக வேண்டும். நுனியில் ஒரு பக்கம் மட்டும் இரண்டு மூலையை வெட்டியிருக்கும், அது பொருந்துகிற மாதிரி பிடித்தால் தானாகப் போகும். ஒயர் நீளம் மிஞ்சினால் இறுக்கி மடித்துக் கட்டாதே, உள்ளே இழை முறியும்.

நம் ஆம்புக்கு இந்த வெளிச்சம் புரியாது. நடுவில் டாக் என்று ஒரு சின்ன டப்பா வேண்டும், டிஜிட்டலை அனலாக் ஆக்குவது. ஆயிரம் ரூபாய்க்கு முன்னப்பின்ன ஆகும். அதற்கு 5 வோல்ட் போதும், பெரும்பாலும் டிவியின் யுஎஸ்பி துளையே தாங்கும். எல்லாம் மாட்டியும் சத்தமே வராவிட்டால் டப்பாவைத் திட்டாதே. டிவியின் சவுண்ட் செட்டிங்கில் டிஜிட்டல் அவுட் என்பதில் டால்பி, பிட்ஸ்ட்ரீம், ஆட்டோ என்று ஏதாவது இருக்கும். அதை பிசிஎம் என்று மாற்று. மலிவு டப்பாக்களுக்கு டால்பி என்று சுருக்கி அனுப்புகிற சத்தத்தைப் பிரிக்கத் தெரியாது, பிசிஎம் என்றால் டிவியே பிரித்து இரண்டு சேனலாகக் கொடுத்துவிடும்.

ஆப்டிகலில் ஒரு தொந்தரவு உண்டு. டிவி ரிமோட்டுக்குச் சத்தம் பெரும்பாலும் அசையாது, எழுந்து போய் ஆம்பின் வால்யூமைத் திருக வேண்டும். மாமியாருக்கு அது கஷ்டம் என்றால் எச்டிஎம்ஐ துளைகளில் ஏஆர்சி (டிவியின் சத்தத்தை வெளியே திருப்பி அனுப்புகிற வழி) என்று எழுதியிருக்கும் ஒன்றிலிருந்து எடுக்கலாம். 2009க்குப் பிறகு வந்த வசதி. அதற்கு ஏஆர்சி எடுக்கிற, டிவி ரிமோட்டுக்குச் சத்தம் அசைகிற டாக் என்று கேட்டு வாங்க வேண்டும், டிவி செட்டிங்கில் சிஇசி (எச்டிஎம்ஐயில் மாட்டின டப்பாவோடு டிவி பேசுகிற வசதி) என்பதையும் போட்டுவிட வேண்டும். விலை கொஞ்சம் கூட. ப்ளூடூத் டப்பா வைக்கலாம் என்று மாப்பிள்ளை சொன்னதாகச் சொன்னாய். பாட்டுக்குச் சரி. சினிமாவுக்கு வேண்டாம், உதடு முன்னே போகும், பேச்சு பின்னே வரும்.

அப்புறம் பாக்ஸ் ஒயர். இதில் அவசரப்படாதே. ஆம்பை அணைத்துப் பிளக்கையும் பிடுங்கிவிடு. ஒயரின் தோலை அரை அங்குலத்துக்கு மட்டும் சீவி, செம்பு இழைகளை ஒரே பக்கமாக முறுக்கு. ஒரு இழைகூடப் பிரிந்து நிற்கக் கூடாது. பிரிந்த இழை பக்கத்துத் துளையைத் தொட்டால் ஷார்ட், ஆம்பின் அவுட்புட்டே போய்விடும். ஆம்பில் சிவப்புக்குப் போன ஒயர் பாக்ஸிலும் சிவப்புக்குத்தான் போக வேண்டும். ஒரு பாக்ஸில் மட்டும் மாறிப்போனாலும் சத்தம் வரத்தான் வரும், ஆனால் பேஸ் செத்துவிடும். அதைக் கண்டுபிடிக்க, இரண்டு பாக்ஸுக்கும் நடுவில் உட்கார்ந்து செய்தி கேள். குரல் திரைக்கு நடுவிலிருந்து வந்தால் சரி. எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் ஹால் முழுக்கப் பரவினால் ஒரு பக்கம் மாற்றிக் கட்டு.

ஹெட்போன் துளையில் போட்டு "ங்ங்ங்" என்று ஹம் வந்தால், கேபிள் டிவி ஒயரை மட்டும் ஒரு நிமிஷம் கழற்றிப் பார். நின்றுவிட்டால் அந்த ஒயரின் எர்த்தும் ஆம்பின் எர்த்தும் சண்டை போடுகின்றன என்று அர்த்தம். ஆப்டிகல் ஒயர் வழியாக இது வராது, வெளிச்சத்துக்கு ஏது எர்த்? ஹம் போகிறது என்று சிலர் மூணு பின் பிளக்கில் எர்த் பின்னை ஒடித்துவிடுவார்கள். கோயில் பந்தலில்கூட அதை நான் யாரையும் செய்ய விட்டதில்லை. உயிர் போகிற காரியம், பையன் வேறு எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கிற வயசு.

பாக்ஸின் துணியை எடுத்து, ஊஃபர் ஓரத்தில் இருக்கும் ஃபோம் வளையத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பார். ஒட்டிக்கொண்டு பொடியாக உதிர்ந்தால் அதன் ஆயுசு முடிந்தது. உங்கள் ஊர் ஈரக்காற்றுக்கு அது தாங்காது. அதற்காக ஸ்பீக்கரையே மாற்ற வேண்டியதில்லை, வளையத்தை மட்டும் மாற்றி ஒட்டலாம். உதிர்ந்திருந்தால் சத்தமாக வைக்காமல் அப்படியே வைத்திரு, தை மாசம் வரும்போது நானே ஒட்டித் தருகிறேன். ரப்பராக இருந்தால் கவலையே இல்லை.

வருகிற வெள்ளிக்கிழமை சித்தப்பா அங்கே வருகிறான். நல்ல செம்பு ஒயரும், வால்யூம் கரகரப்புக்கு அடிக்கிற ஸ்பிரேயும் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். அதற்குள் டிவியின் பின்பக்கம் முழுவதும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ அனுப்பு, லைட்டைப் போட்டுவிட்டு எடு. அதைப் பார்த்து எந்த டாக் என்று சொல்கிறேன். அதுவரை எதையும் ஆர்டர் போட வேண்டாம்.

பேரனிடம் அப்புச்சி கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
அப்பா