இளைத்துப் போன போனும் உன் எறும்புகளும்

செப்டம்பர் 14, 2025

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்து மூன்று நாளாகிறது. நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் ஆப்பிளின் புதுப் போனான ஐபோன் ஏரைப் பற்றித்தான். மிச்ச அரைப் பக்கத்துக்குள் தோள்வலி, மகளின் புது வேலை, மாடித் தோட்டம் மூன்றையும் அடக்கிவிட்டாய். மகளுக்கு என் வாழ்த்தைச் சொல். தோள்வலிக்கு நான் என்ன சொன்னாலும் நீ கேட்கப் போவதில்லை, அதனால் போனுக்கே வருகிறேன்.

"வாங்கலாமா வேண்டாமா, ஒரே வார்த்தையில் சொல்" என்று முடித்திருந்தாய். ஒரே வார்த்தையோடு நிறுத்துகிற ஆளா நான்? பொறுமையாகப் படி, கடைசியில் தருகிறேன்.

நானும் மயங்கினேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 9ஆம் தேதி ஐபோன் ஏரை அறிமுகப்படுத்தியபோது பக்கவாட்டில் திருப்பிக் காட்டினார்களே, அந்த இடத்தை மட்டும் திரும்பப் போட்டுப் பார்த்தேன். 5.6 மி.மீ. தடிமன், 165 கிராம் எடை. 2007இல் வந்த முதல் ஐபோன் 11.6 மி.மீ. இருந்தது. அதில் பாதிகூட இல்லை இது. பார்த்ததும் கை நீளத்தான் செய்யும்.

இரண்டாம் தடவை பார்த்தபோதுதான் மேலே இருக்கிற மேடு கண்ணில் பட்டது. முதுகின் மேல்பகுதியில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை திண்ணை கட்டியது போல ஒரு மேடு. கேமரா, ஸ்பீக்கர், போனின் மூளையான சிப் எல்லாவற்றையும் அதற்குள் திணித்துவிட்டார்கள். கீழே மிஞ்சிய இடத்தில் பெரும்பகுதி பேட்டரிக்கு. கெட்டிக்காரத்தனம்தான், சந்தேகமில்லை. ஆனால் 5.6 என்பது அந்த மேட்டை விட்டுவிட்டு அளந்த கணக்கு. கேமராவை இஷ்டத்துக்கு இளைக்க வைக்க முடியாது. லென்ஸுக்கும், பின்னால் படத்தைப் பதிக்கும் சென்சாருக்கும் நடுவே ஒளி விரிந்து விழக் கொஞ்சம் தூரம் வேண்டும். அந்தத் தூரத்தைச் சுருக்கினால் சென்சாரையும் சேர்த்துச் சிறிதாக்க வேண்டியிருக்கும். அதனால்தான் மற்றதெல்லாம் மெலிந்தாலும் கேமரா மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது.

வளைந்துவிடுமோ என்று கேட்டிருந்தாய். 2014இல் ஐபோன் 6 பிளஸ் பேன்ட் பையில் வளைந்துபோனதாகப் பெரிய கூச்சல் கிளம்பியது உனக்கு நினைவிருக்கும். அது 7.1 மி.மீ. தடிமன், அலுமினிய உடம்பு. இந்த முறை சட்டம் டைட்டானியம். முன்னாலும் பின்னாலும் செராமிக் கலந்த கண்ணாடி. அந்த விஷயத்தில் எனக்குப் பெரிய பயம் இல்லை. சூடு சங்கதிதான் யோசிக்க வைக்கிறது. டைட்டானியம் உறுதியானது, ஆனால் சூட்டைக் கடத்துவதில் அலுமினியத்துக்கு வெகு தூரம் பின்னால். அதே நாளில் வந்த ஐபோன் 17 புரோவில் டைட்டானியத்தைக் கைவிட்டு அலுமினியத்துக்குத் திரும்பியிருக்கிறார்கள். உள்ளே, நீர் ஆவியாகிச் சூட்டைப் பரப்பும் ஆவி அறை ஒன்றும் வைத்திருக்கிறார்கள். ஏரில் அது கிடையாது. புரோவின் சிப்பையே கொஞ்சம் குறைத்து இதில் போட்டிருக்கிறார்கள், ஓடுகிற வேகத்துக்குக் குறைச்சல் இருக்காது. வெயிலில் நின்று நீளமாக வீடியோ எடுத்தால் எவ்வளவு நேரம் அந்த வேகத்தில் ஓடும் என்பதுதான் கேள்வி.

இப்போது உன் முக்கியமான காரணத்துக்கு வருகிறேன். படுத்துக்கொண்டு படிக்கும்போது இப்போது வைத்திருக்கும் ஐபோன் 13 புரோ கனக்கிறது, சுண்டு விரல் வலிக்கிறது என்று எழுதியிருந்தாய். நியாயம்தான். அது 200 கிராமைத் தாண்டிய போன். உன் கவரையும் சேர்த்தால் கேட்கவே வேண்டாம். ஏருக்கு மாறினால் 40 கிராம் போல இறங்கும். விரலுக்கு அது நன்றாகவே தெரியும். ஆனால் விவரப் பட்டியலில் அகலத்தையும் பார்த்தாயா? உன்னுடையது 71.5 மி.மீ. அகலம், ஏர் 74.7. திரையும் 6.1 அங்குலத்திலிருந்து 6.5 ஆகிறது. ஒற்றைக் கையில் பிடிக்கிறவனுக்குத் தடிமனைவிட அகலம்தான் தொந்தரவு. கட்டைவிரல் மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக எட்ட வேண்டும். எட்டுவதற்காகப் போனைக் கைக்குள் சரிப்பாய், சரிக்கும்போது நழுவும். உன் கை நழுவலைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. விடுதியில் என் கைக்கடிகாரத்தை மாடியிலிருந்து போட்டவன் நீதானே. அதனால் எப்படியும் ஒரு கவர் போடுவாய், போட்டால் இளைத்த உடம்பு பழையபடி பெருத்துவிடும்.

பேட்டரி தாங்காது என்று ஊரே பேசுகிறது. அதில் மட்டும் நான் ஊரோடு ஒத்துப்போக மாட்டேன். ஆப்பிள் கணக்கில் ஏர் 27 மணி நேரம் வீடியோ ஓடும். 13 புரோ வந்தபோது அதற்குச் சொன்ன கணக்கு 22 மணி நேரம். நீ நாலு வருஷமாக ஓட்டுவதில் பேட்டரி வேறு தேய்ந்திருக்கும். ஆகவே உனக்கு இது இறக்கம் ஆகாது, ஏற்றம்தான். ஆனால் அந்த 27ஐ அப்படியே நம்பிவிடாதே. சேமித்து வைத்த வீடியோவை ஓடவிடுவது போனுக்கு லேசான வேலை, அதற்கென்றே சிப்பில் தனிப் பகுதி இருக்கிறது. கேமராவும் வழிகாட்டி மேப்பும்தான் பேட்டரியைக் குடிப்பவை. சிக்னல் மங்கலான இடத்திலும் அப்படித்தான், கோபுரத்துக்கு எட்டும்படி போன் உரக்கக் கத்த வேண்டியிருக்கும். இதில் கோபுரத்தோடு பேசுவதற்கு ஆப்பிளே செய்த சி1எக்ஸ் மோடம் இருக்கிறது. ஐபோன் 16 புரோவில் இருந்த மோடத்தைவிட 30 சதவீதம் குறைவாக மின்சாரம் எடுக்கும் என்கிறார்கள். அது நிஜமானால் நல்லதுதான்.

எனக்குச் சிரிப்பு வந்தது வேறொன்றைப் பார்த்து. ஒல்லிப் போனைக் காட்டிய கையோடு, அதன் முதுகில் காந்தமாக ஒட்டிக்கொள்ள ஒரு தனி பேட்டரியையும் காட்டினார்கள். அதையும் சேர்த்தால் 40 மணி நேரமாம். பட்டினி கிடந்து இளைத்தவன் சாப்பாட்டு மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு போகிற மாதிரி இருக்கிறது.

பேட்டரியில் நான் கவனிப்பது ஆயுளை. ஐபோன் 15 வரிசையிலிருந்து, முழு சார்ஜ் கணக்கில் 1000 முறை ஏறி இறங்கிய பிறகும் 80 சதவீதம் கொள்ளும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. உன் 13 புரோவுக்கு அது 500 முறைதான். ஆனால் ஒரே உபயோகத்துக்குச் சின்ன பேட்டரி சீக்கிரம் காலியாகும், அடிக்கடி ஏற்ற வேண்டும், அந்த ஆயிரம் சீக்கிரம் தீரும். வருஷா வருஷம் போன் மாற்றுகிறவனுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. நீ நாலு வருஷம் வைத்திருப்பவன்.

அடுத்தது சிம். ஏரில் சிம் கார்டு போட இடமே கிடையாது. எந்த நாட்டில் விற்றாலும் இ-சிம் மட்டும்தான், அதாவது கார்டு இல்லாமல் போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் சிம். "அது ஒரு பிரச்சினையா" என்று நீ ஒரே வரியில் தாண்டிப் போயிருந்தாய். எனக்கு அது பெரிய விஷயம். ஏன் என்று சொல்கிறேன். மூன்று வருஷம் முன்பு ஒரு இரவு ரயிலில் என் போன் கீழே விழுந்து திரை மொத்தமாகக் கறுத்துவிட்டது. போய் இறங்கும் இடத்தில் என்னைக் கூட்டிப்போக வருகிறவரின் எண் உட்பட எல்லாம் அதற்குள். எதிர் இருக்கைக்காரர் தன்னிடமிருந்த இரண்டாவது போனைக் கொடுத்தார். அவர் மனைவி காதிலிருந்த கம்மலைக் கழற்றி, அதன் கம்பியால் சிம் தட்டைக் குத்தித் திறந்தார். இரண்டே நிமிஷம், என் எண் உயிரோடு வந்துவிட்டது. அவர்கள் முகம்கூட இப்போது சரியாக நினைவில் இல்லை, அந்தக் கம்மல் மட்டும் அப்படியே நிற்கிறது. அது இ-சிம்மாக இருந்திருந்தால் என் எண் அந்தச் செத்த போனுக்குள்ளேயே கிடந்திருக்கும். வேறு போனுக்கு மாற்றப் பழைய போன் உயிரோடு இருக்க வேண்டும், அல்லது தொலைபேசி நிறுவனத்திடம் போய் நிற்க வேண்டும். நடு ராத்திரியில் யாரிடம் போய் நிற்பது?

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். போனைத் திருடியவன் சிம்மை உருவி எறிய முடியாது, அதனால் போன் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குக் கூடுதலாகக் கொஞ்ச நேரம் கிடைக்கும். வெளிநாடு போனால் ஒரு நிமிஷத்தில் உள்ளூர் எண் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். எட்டு எண்களோ அதற்கு மேலோ சேமித்து வைத்து, ஒரே நேரத்தில் இரண்டை இயக்கலாம். வருஷத்தில் ஆறு மாதம் விமானத்தில் இருப்பவனுக்கு இது வரம். நீ கடைசியாக எப்போது விமானம் ஏறினாய்?

ஸ்பீக்கர் ஒன்றுதான், காதருகே வைக்கும் இடத்தில் இருப்பது. கீழே இன்னொன்று கிடையாது. ராத்திரி தலையணைமேல் போனை நிறுத்தி வைத்துப் பாட்டுக் கேட்கிறவன் நீ, வித்தியாசம் தெரியும். சார்ஜ் போடும் துளை வழியாகக் கம்ப்யூட்டருக்குப் படங்களை மாற்றினால் அது பழைய யு.எஸ்.பி. 2 வேகம்தான். நீ கம்பியே சொருகுவதில்லை, அதனால் விட்டுவிடலாம்.

இனி கேமரா. "ஒரு கேமரா போதும், எனக்கு எதற்கு மூன்று" என்று ரொம்பத் துறவி மாதிரி எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு, கடந்த இரண்டு வருஷத்தில் நீ எனக்கு அனுப்பிய படங்களை உட்கார்ந்து பார்த்தேன். எறும்பு சர்க்கரைத் துணுக்கைத் தூக்கிக்கொண்டு போகிறது. சிலந்தி வலையில் பனித்துளி. வெட்டுக்கிளியின் முழங்கால். ஒரு வண்டு, அப்புறம் அதே வண்டு, திரும்பவும் அதே வண்டு. மனிதர்கள் இருக்கும் படம் மொத்தம் ஏழு. அதில் ஒன்று தவறுதலாக அமுக்கியதால் வந்தது என்று நினைக்கிறேன், உன் மூக்கு மட்டும் தெரிகிறது.

அந்த எறும்புப் படங்களையெல்லாம் எடுத்தது எந்தக் கேமரா தெரியுமா? உன் போனின் அகலக் கோணக் கேமரா, அல்ட்ரா வைடு. பொருளுக்கு 2 செ.மீ. அருகில் போனாலும் அது ஃபோகஸ் செய்யும். ஐபோனில் இந்த மேக்ரோ வசதி முதன்முதலில் வந்ததே உன் 13 புரோ வரிசையில்தான். நீ கிட்டே போனதும் போன் தானாகக் கேமரா மாற்றிக்கொள்வதால் உனக்கு இது தெரியாமலே போயிருக்கிறது. ஏரில் அந்தக் கேமரா இல்லை. இருக்கிற ஒற்றை 48 மெகாபிக்சல் கேமரா நல்லதுதான். சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்து இரண்டு மடங்கு ஜூமும் தரும். ஆனால் எறும்பின் மீசைக்குப் பக்கத்தில் போனால் மங்கிவிடும். முன்பக்கக் கேமராவைப் பிரமாதமாகச் செய்திருக்கிறார்கள். சதுர சென்சார், போனை நேராகப் பிடித்தபடியே அகலமான செல்ஃபி எடுக்கலாம். உன் மூக்கு இன்னும் தெளிவாக விழும்.

இதைப் பார்த்த பிறகுதான் அதே நாளில் வந்த சாதாரண ஐபோன் 17 பக்கம் போனேன். அதை யாரும் பக்கவாட்டில் திருப்பிக் காட்டி வியக்கவில்லை, பாவம். அதன் எடை 177 கிராம். ஏரைவிட 12 கிராம்தான் அதிகம். உன் 13 புரோவைவிட 25 கிராமுக்கு மேல் குறைவு. அகலம் 71.5 மி.மீ., உன் கைக்குப் பழகிய அதே அகலம். அல்ட்ரா வைடு உண்டு, மேக்ரோ உண்டு, இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் உண்டு, வீடியோ 30 மணி நேரக் கணக்கு. விலையும் ஏரைவிடக் குறைவு. இதில் நீ இழப்பது 13 புரோவில் இருந்த மூன்று மடங்கு ஜூம். அது ஏரிலும் கிடையாது. அந்த ஜூமில் நீ எடுத்தது நிலா ஒன்றுதான், அதுவும் வெள்ளைப் பொட்டாகத்தான் வந்திருக்கிறது. சிம் தட்டு மட்டும் நாட்டுக்கு நாடு மாறும், சில நாடுகளில் 17ம் இ-சிம்மோடு மட்டும்தான் வருகிறது. எங்கே வாங்குகிறாய் என்று பார்த்துக்கொள்.

"இவன் எப்போதும் இப்படித்தான், அழகான எதையும் குறை சொல்லாமல் விடமாட்டான்" என்று நீ முணுமுணுப்பது கேட்கிறது. அழகை நான் குறை சொல்லவில்லை. தினமும் நூறு தடவை கையில் எடுக்கிற பொருள் அழகாக இருக்கட்டுமே. உனக்கு எறும்புப் பித்து மட்டும் இல்லையென்றால் நானே வாங்கச் சொல்லியிருப்பேன். 19ஆம் தேதி விற்பனைக்கு வருகிறது. போய்க் கையில் எடுத்துப் பார், ஆனால் பக்கத்திலேயே 17ஐயும் எடுத்துப் பார். இரண்டையும் ஒற்றைக் கையில் பிடித்து, கட்டைவிரலால் எதிர் மூலையைத் தொட முடிகிறதா என்று பார்த்துவிட்டு எழுது. பர்ஸை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது.

ஒரே வார்த்தை கேட்டாய் அல்லவா? பதினேழு.

இங்கே விசேஷம் ஒன்றும் பெரிதாக இல்லை. கண்ணாடிப் பவர் மறுபடி ஏறிவிட்டது, அதனால் உன் கடிதங்களைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுது. மகள் வேலையில் எப்போது சேருகிறாள்? அப்புறம் அந்தச் சிலந்தி, போன மாதப் படத்தில் முட்டைப் பையைச் சுமந்துகொண்டிருந்ததே, குஞ்சுகள் வந்துவிட்டனவா? பழைய போன் கையில் இருக்கும்போதே ஒரு படம் எடுத்து அனுப்பு.

என்றும் உன்,
கடிகாரத்தை இழந்தவன்